பதினோரு குஞ்சுகளுக்கு நான் பார்த்த வைத்தியம்

குஞ்சுகளின் எச்சத்தில் சிவப்பைக் கண்ட முதல் நாள் நான் சந்தோஷப்பட்டேன். எழுதவே கூசுகிறது, இருந்தாலும் மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. குஞ்சுகள் கள்ளிப்பழம் தின்றிருக்கின்றன என்று நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? அடுப்படியில் இருந்த மனைவியைக் கூட்டி வந்து, குனியச் சொல்லி, கோயிலில் கல்வெட்டைக் காட்டுகிறவன் மாதிரி விரலை நீட்டி அந்தச் சிவப்பைக் காட்டினேன். மூன்று வாரத்துக் குஞ்சு, அதற்குள் நம் வீட்டுக் கம்பு கசந்துவிட்டது, பழம் கேட்கிறது என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் எனக்கு அப்புறம் யோசனை ஓடாது. அன்றும் மறுநாளும் வந்தவர் போனவருக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்தில் கள்ளி இல்லை. பின்னால் ஏதோ ஒரு பூச்சி வந்து, ஊர் ஊராகத் தின்று, வேலியெல்லாம் வெள்ளை பூத்துச் சரிந்துபோயிற்று. நான் சொல்வது அதற்கு முந்திய காலம். நாமக்கல்லிலிருந்து மேற்கே திருச்செங்கோடு வரைக்கும் காட்டோரம் எங்கே பார்த்தாலும் சப்பாத்திக் கள்ளி ஆள் உயரத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கும். பழத்தைக் கல்லில் தேய்த்து முள்ளை உதிர்த்துத் தின்றால் நாக்கும் கையும் துணியும் சிவக்கும். அதைவிட, மறுநாள் காலையில் காட்டுப் பக்கம் ஒதுங்கும்போது அங்கேயும் சிவப்பாக இருக்கும். எனக்கு ஆறு வயதில் இது தெரியாது. கோவணத்தைக் கையில் பிடித்தபடி, செத்துப் போகிறேன், செத்துப் போகிறேன் என்று ஊர் நடுவில் அழுதுகொண்டு ஓடினேன். அன்று ஊரே சிரித்தது. அதிலிருந்து நான் சிரிக்கப்படுகிறவனாக இருப்பதைவிடச் சிரிக்க வைக்கிறவனாக இருந்துவிடுவது மேல் என்று முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஆகையால் எங்கள் பக்கத்து ஆள் சிவப்பைப் பார்த்தால் முதலில் பயப்பட மாட்டான். பழம் எங்கே என்று தேடுவான். குஞ்சுகள் மேய்ந்ததும் கள்ளி வேலிக்கு அடியில்தான். பழங்கள் உதிர்ந்து, நசுங்கி, எறும்பு மொய்த்துக் கிடந்தன. எனக்கு எல்லாம் பொருந்திப் போயிற்று.

அந்தக் குஞ்சுகள் என்னுடையவையாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அவை என் தங்கையினுடையவை.

அவளை ஜேடர்பாளையத்துக்கு அண்டையில், காவேரிக் கரையில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒன்றரை வருஷம் வாழ்ந்தாள். மாசி மாதம் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் போய்விட்டார். குழந்தை இல்லை.

மாப்பிள்ளைக்குச் சேவல் என்றால் உயிர். மயில் நிறத்தில் ஒரு சேவல் வைத்திருந்தார். சேவல் கட்டுக்குக் கொண்டுபோன இடமெல்லாம் அது ஜெயித்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்துகூட ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள், அவர் கொடுக்கவில்லை. கம்பைத் தம் கையாலேயே ஊறவைத்து, உள்ளங்கையில் வைத்துத்தான் தின்னக் கொடுப்பார். கருமாதி முடிந்த மறுநாள் பங்காளிகளுக்குக் கறிச்சோறு ஆக்கியபோது அந்தச் சேவலையும் அடித்துச் சட்டியில் போட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பந்திக்கு ஆள் கூடிவிட்டது, கறி போதவில்லை, வாசலில் நின்றது, பிடித்தார்கள். அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன். கறி கொஞ்சம் நாராக இருக்கிறதே என்று பக்கத்து இலைக்காரரிடம் குறை வேறு சொன்னேன். எந்தச் சேவல் என்று தெரிந்தது கை கழுவின பிறகு.

அன்று பிற்பகல் தங்கையை எங்கள் வண்டியிலேயே கூட்டி வந்தோம். மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு கோழி. காலடியில் ஒரு மண்சட்டி, சட்டியில் தவிடு, தவிட்டுக்குள் பதின்மூன்று முட்டைகள். அந்தச் சேவல் மிதித்த முட்டைகள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சட்டியை இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டாள்.  

வீட்டுக்கு வந்த பிறகு வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு பின்கட்டிலேயே இருந்தாள். காலையில் கதவுக்குப் பின்னால் நின்று, யாராவது வெளியே கிளம்புகிறார்களா என்று காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இல்லையென்று தெரிந்த பிறகுதான் வாசலுக்கு வருவாள். தன் முகத்தில் யாரும் விழித்துவிடக் கூடாது என்று. அப்படிச் செய் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்றும் நாங்கள் யாரும் சொல்லவில்லை. இரண்டாவதுதான் இப்போது உறுத்துகிறது.

வந்த ஐந்தாம் நாள் கோழி அடைக்கு உட்கார்ந்தது. பழைய கூடையில் வைக்கோல் பரப்பி முட்டைகளை வைத்தாள். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட வேண்டும். அதை என் மனைவி தானாகவே தேடி எடுத்துக்கொண்டு வந்து கூடைக்குள் செருகினாள். வாய்த்துடுக்குக்காரிதான், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு ஆணி தேடத் தெரிந்தவள்.

இரண்டு கூமுட்டையாகப் போயின. பதினொன்று பொரித்தன.

அன்றைக்குத் தங்கை பட்டப் பகலில் முன்வாசலுக்கு வந்தாள். காலடிச் சத்தம் கேட்க மறந்துபோய் வந்தாள். களத்தின் ஓரமாகக் கோழியையும் குஞ்சுகளையும் விட்டு, தினமும் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தரையில் தூவி, மறுநாள் கூட்டி எடுத்துவிட்டு வேறு இடத்தில் தூவினாள். பேன் பிடிக்காமல் இருக்கத்தான் இது என்று நான் நினைத்தேன். நான் நினைத்ததையெல்லாம் ஒரு பட்டியல் போட்டால் அதுவே ஒரு தனிப் புத்தகமாகும்.

பதினொன்றில் ஒன்று மட்டும் கம்பைப் பார்த்ததும் உடனே கொத்தாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, யோசித்து, அப்புறம் கொத்தும். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போகும்போது அவளாகவே கூப்பிட்டாள். வந்ததிலிருந்து அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஏனுங்கண்ணா, இங்க வந்து பாருங்க. தலையச் சாச்சுப் பாக்கறது அப்படியே அவிய சேவலாட்டமே இருக்குது.”

“சேவலாட்டமா, மாப்பிள்ளையாட்டமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கும் ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் குஞ்சுகளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்ற பயம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அவளுக்குக்கூட அவ்வளவு பயம் இல்லை. நான் பார்வைக்குத்தான் தடிமனான ஆள். மாடு இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். அந்தச் சேவலின் வம்சத்தில் கடைசிக் கொழுந்து பதினொன்றும் என் களத்தில் திரிகின்றன என்றால் நான் எப்படி இருந்திருப்பேன்! ஒரு நாள் பருந்து ஒன்று தாழ இறங்கி வட்டம் போட்டது. தாய்க்கோழி ஒரு குரல் கொடுத்தது, குஞ்சுகள் அதன் சிறகுக்குள் ஓடின, பருந்து போய்விட்டது. ஒரு குஞ்சையும் அது எடுக்கவில்லை. என் ஈரலைத்தான் எடுத்துக்கொண்டு போயிற்று.

அன்றைக்கே கோழியையும் குஞ்சுகளையும் கூடையோடு தூக்கிக் கிணற்று வாய்க்காலை ஒட்டின கள்ளி வேலிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். மேலே கள்ளி கூரை மாதிரி கவிந்திருந்தது. எந்தப் பருந்தும் உள்ளே வர முடியாது. வாய்க்காலின் கசிவில் தரை குளிர்ச்சியாக இருந்தது. சித்திரை வெயிலில் எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தங்கை பின்னாலேயே வந்து நின்றாள். “அங்க ஈரமா இருக்குமேங்கண்ணா” என்றாள்.

“இருக்கட்டும் அம்மிணி. சித்திரை வந்தா சேலத்துத் தொரைமாரெல்லாம் ஏற்காட்டுக்கு ஏறிப் போயிடறாங்க. நம்ம குஞ்சுகளுக்கு ஏற்காடு இதுதான்” என்றேன்.

சிரித்துவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

பத்து நாள் கழித்துச் சிவப்பு வந்தது. முதல் இரண்டு நாள் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். அந்த இரண்டு நாளும் குஞ்சுகள் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. விருந்து தின்ற மயக்கம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தங்கை ஒரு ஆமணக்கு இலையில் இரண்டு குஞ்சுகளை வைத்து, சோறு பரிமாறுகிறவளைப் போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். இரண்டின் பின்புறமும் சிவந்து ஒட்டிப்போயிருந்தது. அவற்றில் தலையைச் சாய்க்கிற குஞ்சு இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

கள்ளிப்பழம் யாரையும் கொன்றதில்லை. ஆகவே என் முதல் நம்பிக்கை அந்த இலையிலேயே செத்தது. செத்த இடத்தில் உடனே இரண்டாவது முளைத்தது. சூடு.

எங்கள் பக்கத்தில் எதற்கும் சூடுதான் காரணம். கண் சிவந்தால் சூடு. வயிறு வலித்தால் சூடு. நீர் கடுத்தால் சூடு. பெண்டாட்டி கோபித்துக்கொண்டால்கூட உடம்பில் சூடு ஏறியிருக்கிறது என்று சொல்லித் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிற ஊர் அது. வெளிக்குப் போகும்போது இரத்தம் வந்தால் கேட்கவே வேண்டாம். பச்சைப் பிள்ளையும் சொல்லும் சூடு என்று. சித்திரை மாதம் வேறு. நான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குளிர்ச்சி வைத்தியத்தில் இறங்கினேன்.

முதலில் விளக்கெண்ணெய். மனிதனுக்குச் சூடு பிடித்தால் உச்சந்தலையிலும் தொப்புளிலும் விளக்கெண்ணெய் வைப்பது வழக்கம். ஒன்பது குஞ்சுகளின் உச்சியிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். பிறகு ஒரு குஞ்சை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு தொப்புள் எங்கே என்று வெகுநேரம் தேடினேன். என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, எண்ணெய் தேச்சு உட்டுட்டீங்க. சீயக்காய் நான் அரைக்கறதா, இல்ல கோழியவே அரைச்சுக்கச் சொல்லறதா?” என்று கேட்டாள். எண்ணெய் வைத்த குஞ்சுகளின் தலையில் மயிர் ஒட்டிப்போய், ஒன்பதும் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்ட கிழவர்கள் மாதிரி நின்றன. நான்கூடச் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.

அப்புறம் வெந்தயம் ஊறின தண்ணீர். அப்புறம் பழஞ்சோற்று நீச்சத்தண்ணீர். இவை கெடுதல் செய்திருக்காது. கெடுதல் அடுத்ததில் இருந்தது. தரையில் சூடு தங்கக் கூடாது என்று கோணிப் பைகளை நனைத்து வேலிக்கு அடியில் விரித்தேன். காலையில் பத்துக் குடம், உச்சியில் பத்துக் குடம் தண்ணீரை அந்தத் தரையில் ஊற்றினேன். மண் சேறாகாமல் இருக்க மணல் கொட்டி, மணலையும் நனைத்தேன். குஞ்சுகள் அந்த மணலில்தான் எச்சமிட்டன, அந்த மணலைத்தான் கிளறின, அதில் கிடந்ததைத்தான் பொறுக்கித் தின்றன.

தண்ணீரைக் கிணற்றிலிருந்து சேந்திக் கொடுத்தவள் தங்கை. நான் குடத்தை நீட்டுவேன். அவள் நிரப்பித் தருவாள். நாலு நாள், நாளைக்கு இருபது குடம். ஒவ்வொரு குடத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு நான் ஊற்றுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கைகள் சிவந்து போயிருந்தன. பாவம், என்ன பிரயாசைப்படுகிறாள், குஞ்சுகளைக் காப்பாற்ற எவ்வளவு ஆசை என்று நான் உருகிப் போனேன்.

அந்த நாலு நாளில் இன்னும் நாலு செத்தன. ஐந்தாம் நாள் காலையில் ஒன்று. மிச்சம் நாலு. தலையைச் சாய்க்கிற குஞ்சு அந்த நாலில் இருந்தது. ஆனால் அது இப்போது தலையைச் சாய்க்கவில்லை, தொங்கப் போட்டிருந்தது.

நான் வண்டியைப் பூட்டினேன். டவுனில் மாட்டாஸ்பத்திரி ஒன்று இருந்தது. கோழியைத் தூக்கிக்கொண்டு அங்கே போன ஆள் எங்கள் ஊரில் அதற்கு முன் கிடையாது. சீக்குக் கோழியைக் குழம்பு வைப்பார்கள். குஞ்சென்றால் குப்பையில் போடுவார்கள். அன்று காலை செத்ததை ஒரு துணியில் சுற்றிக்கொண்டேன். தலையைச் சாய்க்கிற குஞ்சை என் தலைத்துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டேன். “பாத்துப் போயிட்டு வாங்கண்ணா” என்றாள் தங்கை. வண்டி தெருவைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்றாள், எதிரே யார் வந்தாலும் வரட்டும் என்று.

ஆஸ்பத்திரி வாசலில் கழுத்து வீங்கின எருதும், கன்று போட முடியாத எருமையும், நொண்டுகிற குதிரையும் நின்றன. அவற்றின் நடுவே நான் மடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு கம்பவுண்டர் பெரிய நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன மிருகம் என்று கேட்டார். துண்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் குஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். எருது, பசு, எருமை, குதிரை, ஆடு, இவற்றுக்குத்தான் கட்டம் இருக்கிறது, கோழிக்குக் கட்டம் கிடையாது என்றார். சின்ன மாடு என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கையில் குஞ்சு கண்ணை மூடிக் கிடந்தது. ஆனாலும் அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். இந்த வாய் எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்ததே இல்லை.

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்துவிட்டார். நல்லவேளை, அவர் சிரிக்கவில்லை. செத்த குஞ்சை வாங்கி, ஒரு பழைய பத்திரிகைத் தாளின்மேல் வைத்து, சின்னக் கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார். குடலின் கடைசியில் இரண்டு பைகள் நாவற்பழம் மாதிரி கறுத்து வீங்கியிருந்தன. ஒன்றை நுனியில் வெட்டினார். உறைந்த இரத்தம்.

“இது குடல் நோய். கண்ணுக்குத் தெரியாத கிருமி. எச்சத்தில் வெளியே வரும். ஈரத் தரையில் பெருகும். குஞ்சு அதையே பொறுக்கித் தின்னும். எங்கே வைத்திருக்கிறீர்கள்?”

சொன்னேன். வாய்க்காலைச் சொன்னேன். கோணியைச் சொன்னேன். இருபது குடத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எதற்குத் தண்ணீர்?”

“சூடுன்னு நெனைச்சனுங்க.”

அவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே, “சூட்டில் போட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருந்து ஏதாவது என்று கேட்டேன். இதற்கென்று தம்மிடம் மருந்து எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். காய்ந்த தரையில் விட வேண்டும். சாம்பலோ காய்ந்த மணலோ தூவி, தினமும் கூட்டி அள்ளிவிட்டு, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கானதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் புளித்த மோர் வைக்க வேண்டும். வெயில் பட வேண்டும். அவ்வளவுதான். பிழைக்கிறது பிழைக்கும் என்றார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, களத்தில் சாம்பல் கூடையோடு குனிந்து நிற்கிற என் தங்கை என் கண்முன் வந்து நின்றாள். டாக்டர் இங்கிலீஷ் படித்துச் சொன்னதை அவள் முதல் நாளிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். நான்தான் தூக்கி ஈரத்தில் வைத்தேன்.

திரும்பி வருகிற வழியில் மாடுகளை நான் விரட்டவில்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேரவும் கூடாது. மடியில் குஞ்சு சூடாக இருந்தது.

பொழுது சாய வீடு வந்தேன். தங்கை வாசலிலேயே இருந்தாள். ஒரு வேடிக்கையும் சேர்க்காமல், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஈரம்தான் கொன்றது, ஈரத்தை நான்தான் ஊற்றினேன் என்றேன். அவள் குஞ்சை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, தலையில் இன்னும் ஒட்டியிருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தாள்.

“தெரியுமுங்கண்ணா” என்றாள். “அவிய சாம்பலு போட்டுத்தான் வெப்பாங்க. ஒரு பொட்டு ஈரம் இருந்தா ஏத்துக்க மாட்டாங்க.”

“தெரிஞ்சா ஏன் சாமி சொல்லுல?”

“சொன்னனே.”

சொன்னாள்தான். ஒரு தடவை சொன்னாள். நான் ஏற்காட்டுக்குப் போய்விட்டேன்.

“இன்னொருக்காச் சொல்லியிருக்கலாமில்ல? தண்ணி சேந்திக் குடுத்துக்கிட்டே நின்னயே.”

அவள் குஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்க ஊட்டுல வந்து இருந்துக்கிட்டு, நீங்க ஒண்ணு செய்யறப்ப, ரெண்டாந்தரம் எப்படிங்கண்ணா சொல்லறது?”

உங்கள் வீடு. அவள் பிறந்த வீடு அது. அவள் தவழ்ந்த தரை. அந்தக் கிணற்றில் நீச்சல் பழகும்போது என் முதுகைக் கட்டிக்கொண்டு, கரையிலிருப்பவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, தன் சொல் எடுபடும்வரை திரும்பத் திரும்பக் கத்தினவள் அவள். ஒன்றரை வருஷத்தில் அது உங்கள் வீடு ஆகிவிட்டது. அப்படி ஆக்கினது மாப்பிள்ளையின் சாவு மட்டும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவள் காலடி கேட்டபோது நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோமே, அதுவும்தான். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அடுப்பில் இருந்த சாம்பல் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் களத்தைக் கூட்டினோம். சாம்பல் தூவினோம். நாலு குஞ்சுகளையும் நாலு கூடையில் தனித்தனியாகப் போட்டோம். தாய்க்கோழி ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்குப் போய்ப் போய் நின்றது. கொட்டாங்கச்சியில் புளித்த மோர் வைத்தோம். தங்கை சொன்னாள், நான் செய்தேன். இப்போது அவள் இரண்டாந்தரமும் சொன்னாள், மூன்றாந்தரமும் சொன்னாள். நான் வேண்டுமென்றே தப்பாகச் செய்து, சொல்ல வைத்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் பிந்தி வந்த புத்தி. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை, “போதுங்கண்ணா, நடிக்காதீங்க” என்றாள்.

இரண்டாம் நாள் ஒன்று போயிற்று. மூன்றாம் நாள் இரண்டு. தலையைச் சாய்க்கிற குஞ்சு மட்டும் மோரைக் குடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் எச்சத்தில் சிவப்பு இல்லை. நாலாம் நாள் காலையில் நான் ஒரு கம்பு மணியை அதன் முன்னால் போட்டேன். அது தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் கம்பைப் பார்த்தது. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. குஞ்சையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குஞ்சு கொத்தவில்லை. தலையைச் சாய்த்தபடியே வெகுநேரம் நின்றது. சாய்ந்த தலை பிறகு நிமிரவில்லை.

அதை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டு வந்தது. வெயில் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தபடியால் நாங்கள் யாரும் நிழலுக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வேடிக்கை வார்த்தை தேடினேன். கல்யாணத்தில் பேசுவேன், எழவில்கூடப் பேசுவேன், மாட்டாஸ்பத்திரியில் பேசினேன். களத்தில் ஒன்றும் வரவில்லை. உச்சிப் பொழுதுக்குக் குஞ்சு காலை ஒரு தடவை நீட்டியது. அவ்வளவுதான்.

“நீங்க வெசனப்படாதீங்கண்ணா” என்றாள் அவள். எனக்கு ஆறுதல் சொன்னது அவள்.

பதினொன்றும் செத்தன. தாய்க்கோழி இரண்டு நாள் வேலியோரம் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தது, பிறகு நிறுத்திக்கொண்டது. ஆடி மாதத்தில் மறுபடியும் முட்டை வைத்து அடைக்கு உட்கார்ந்தது. ஒன்பது முட்டைகள், எங்கள் ஊர்ச் சேவல் மிதித்தவை. தங்கை கோழியைக் கூடையிலிருந்து எடுத்து வெளியே விட்டுவிட்டு, ஒன்பதையும் கொண்டுபோய்க் குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்தாள்.